மூன்று ஜெப நேரம் தாங்கிய கைகள்

சாமுவேல் அண்ணன் மறைந்த செய்தியைப் பீடோங் சந்தையிலிருந்து என் மனைவி செல்லம்மாதான் கொண்டுவந்தாள். பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்று, "நம்ம சாமுவேல் அண்ணன் தவறிட்டாராம். காலைல ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே போயிட்டாராம்" என்றாள். நான் முதலில் கேட்டது, "எத்தனாவது ஜெபத்துல?" என்பதுதான். செல்லம்மா என்னை முறைத்தாள். அவரை நினைத்துக் கூடியிருக்கும் உங்களுக்காவது நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

போரில் ஜப்பான்காரன் எங்களை ஆண்ட காலம் எனக்கு இன்றும் அரைத் தூக்கத்தில் பார்த்ததுபோலத்தான் தெரிகிறது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோயிருந்தது. விடியற்காலைப் பனி ஓசையில்லாத ஆலைக்குள் நுழைந்து தன்பாட்டுக்கு உலாவும். மரவள்ளிக்கிழங்கையே தின்று தின்று, நடப்பதுகூட மிதப்பதுபோல இருக்கும். அந்தப் பனிக்குள் சாமுவேல் அண்ணன், ரப்பர் ஷீட் யந்திரத்திலிருந்து கழற்றிப் போட்ட இரும்பு உருளையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து நிற்பார். ஆலையில் வேலை பார்த்தவர். அவருக்குப் பயிற்சியில் ஜோடி நான். அவரைவிட இரண்டு வயது இளையவன், மாரியம்மன் கோயிலுக்குத் தீமிதித்தவன்.

அவருடைய கைக்கடிகாரத்தை ஒரு ஜப்பான் சிப்பாய் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அதனால் பரமண்டல ஜெபத்தைச் சொல்லித்தான் நேரம் பார்த்தோம். தூக்கியதும் தொடங்க வேண்டும். ஆமென் வரும்வரை இறக்கக் கூடாது. கை நடுங்க ஆரம்பித்தால் நான் இரண்டு வரிகளை விழுங்கிவிட்டு ஆமெனுக்குத் தாவுவேன். "ஜெபத்த சுருக்கினா இரும்பு எளைச்சிடுமா லா? மொதல்லேருந்து சொல்லு தம்பி" என்பார். மறுபடியும் தூக்குவேன்.

இது அவர் சபைப் போதகரின் காதுக்குப் போயிற்று. அவர் நல்ல மனிதர், ஆனால் சிரிக்கத் தெரியாதவர். "ஆண்டவர் சொல்லிக்குடுத்த ஜெபம் ஒனக்குக் கடிகாரமா சாமுவேல்?" என்று கேட்டாராம். "கடிகாரத்தத்தான் புடுங்கிட்டானே ஐயா" என்றாராம் இவர். பிறகென்ன, உடம்பைக் காட்டிப் பெருமையடிக்கும் பழக்கத்தை விடும்வரை தேவாலயத்தில் திருவிருந்து அப்பம் கிடையாது என்று தீர்ப்பாகிவிட்டது. அண்ணன் அன்று உருளையைத் தூக்கவில்லை. மறுநாள் உருளையைத் தொட்டுக்கொண்டே, "இந்தப் பலத்த குடுத்ததும் அவருதானே, இத எங்க கொண்டு போய் வைக்கிறது?" என்றார்.

சில வாரங்களில் தோட்டத்து ஜப்பானிய அதிகாரி ஒரு விழா நாளில் போட்டி வைத்தார். மணல் மூட்டையைத் தலைக்குமேல் தூக்கி அதிக நேரம் நிற்பவனுக்கு ஒரு மூட்டை அரிசி. செல்லம்மா பிள்ளை பெற்று இருபது நாள்தான் ஆகியிருந்தது. கஞ்சிக்குக்கூட அரிசியில்லாமல் பால் வற்றிக்கொண்டிருந்தது. வெட்கத்தை விட்டு அண்ணனிடம் கேட்டேன்: "இந்த ஒரு தடவ விட்டுக்குடுங்கண்ணே."

"அரிசி கேளு, தரேன். தோத்துக் காட்டச் சொல்லாதே" என்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

திடலில் கடைசியாக நின்றது நாங்கள் இருவர்தான். வெயில் வெள்ளையாக இருந்தது. கூட்டத்தின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கேட்டது. பக்கத்தில் அவர் உதடுகள் அசைந்தன. நானும் சொன்னேன். முதல் ஆமென். இரண்டாவது ஆமென். மூன்றாவது ஜெபத்தின் பாதியில் என் மூட்டை மண்ணில் விழுந்தது. அவர் கடைசி வார்த்தைவரை சொல்லி முடித்துவிட்டுத்தான் இறக்கினார்.

சாயங்காலம் பாதி அரிசியைத் தோளில் சுமந்து எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. செல்லம்மாதான் எழுந்து போனாள். "தோத்த கோவத்துல புள்ளைய பட்டினி போடுவீங்களா?" என்று என்னைக் கேட்டுவிட்டு வாங்கி வைத்தாள். அன்று அவள் சோறு தின்பதைப் பார்த்து அழுதேன்.

அடுத்த நாள் அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போதகர் வீட்டுக்கு நடந்தார். "ஐயா, மொத ஜெபம் மூட்டைய தாங்கறதுக்கு. ரெண்டாவது, ஜெயிக்கணும்னு. மூணாவதுல இவன் சம்சாரம் நெனப்பு வந்துச்சு. பாதி குடுத்திடணும்னு முடிவு பண்ணினேன். ஆனா கைய எறக்கல. இவன் மூட்டை விழட்டும்னுதான் நின்னேன். இது பாவம்னா சொல்லுங்க, உருளைய இன்னிக்கே ஆத்துல போட்டுடறேன்."

போதகர் என்னைப் பார்த்து, "தோத்தவன் நீதானே, நீ சொல்லு" என்றார்.

அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். "எறக்கியிருந்தா என்னை ஏமாத்தின மாதிரி ஆயிருக்கும் ஐயா" என்று வந்தது. சொன்ன பிறகுதான், நான் அதை நம்புகிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

"அப்படின்னா உருளை இருக்கட்டும்" என்றார் போதகர். "இனிமே மூணாவது ஜெபத்த எதுக்க நிக்கிறவனுக்காகச் சொல்லு." அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குத் திருவிருந்து கிடைத்தது. கோதுமை இல்லாத காலம். மரவள்ளி மாவில் சுட்ட அப்பம். தேவாலயத்தின் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். உருளையைத் தூக்கும் அந்தப் பெரிய கைகள் அந்தச் சிறு துண்டை உள்ளங்கை குவித்து வாங்கின.

அதன்பிறகு அவர் காலை ஜெபம் எப்போதும் மூன்றுதான். போர் முடிந்து, தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு, நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போன பிறகும் மூன்றாவது எனக்குத்தான் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். "இன்னும் நீதாண்டா எதுக்க நிக்கிறே" என்று சிரிப்பார்.

அதனால்தான் கேட்டேன். அவர் மகளிடமும் கேட்டேன். "எண்ணல மாமா" என்று அழுதாள்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் பெட்டியைத் தூக்கப் போனபோது, வயதாகிவிட்டது, வேண்டாம் என்று பிள்ளைகள் தடுத்தார்கள். கேட்கவில்லை. தோளில் பாரம் ஏறியதும் உதடு தானாகவே தொடங்கியது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஜெபம்தான். நான் இன்றும் மாரியம்மன் கோயில்காரன்தான். வாசலிலிருந்து குழிவரை சரியாக மூன்று ஆயிற்று. மூன்றாவதை அவருக்காகச் சொன்னேன். கை நடுங்கியது. ஒரு வரியைக்கூட விழுங்கவில்லை அண்ணே.