இரண்டாவது மைக்

சபையின் புதிய உறுப்பினர் கையேட்டில் ஒன்பதாம் பக்கத்தில் அவளைப் பற்றி மூன்று வரிகள் இருக்கின்றன: "எளிய உள்ளம் கொண்ட சகோதரி. சபையின் ஆரம்ப நாட்களில் ஆர்வ மிகுதியால் அந்நியபாஷைகளுக்கு அர்த்தம் சொல்லிவந்தவர். தற்போது சத்தியத்தின் தெளிவில் இளைப்பாறுகிறார்."

அவளுடைய உள்ளம் எளியது என்று அவளோடு வேலை பார்த்த ஒருவரும் சொன்னதில்லை. ஆர்வ மிகுதியும் பொருந்தாது. பேருந்து நிலையத்து அறிவிப்பு அறையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்கு ஆர்வம் மிகுந்தால் பயணிகள் வேறு ஊரில் போய் இறங்குவார்கள். இளைப்பாறுதலைப் பற்றிச் சொல்வதென்றால், கையேடு அச்சாகி வந்தபோது அவள் சரியாகத் தூங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது.

நிலையத்தில் அவளுக்கு மைக்கக்கா என்று பெயர். நேரக்காப்பாளர் ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டுவார். அவள் வாங்கி வாசிப்பாள். சீட்டில் இல்லாத ஒரு சொல் அவள் வாயிலிருந்து வராது. பேருந்து ரத்து என்றால் ரத்து. 'வருந்துகிறோம்' என்பதைக்கூட மேலிடத்து உத்தரவு வந்த பிறகுதான் சேர்த்துக்கொண்டாள், அதுவும் அரைமனதாக.

ஞாயிற்றுக்கிழமை வேறு மைக். அச்சகம் ஒன்றின் மாடியில் எழுபது பேர் கூடும் சபை அது. முதல் மைக் பாஸ்டருடையது, இரண்டாவது இவளுடையது. அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால், ஆவியின் ஏவுதலால் வரும், பேசுபவருக்கே புரியாத அந்நியபாஷையில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான ஒழுங்கு. அர்த்தம் சொல்லும் வரம் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. எனவே அவளுக்கு நிலையத்தில் பணி விழுந்த ஞாயிறுகளில் ஆவியானவரும் விடுப்பு எடுத்துக்கொண்டார். இதை யாரும் விந்தையாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாஸ்டர் பேசி முடிப்பதற்குள் அவளுக்கு அர்த்தம் வந்துவிடும். எப்படி என்று கேட்டவர்களிடம், யாரோ சீட்டு நீட்டுகிற மாதிரி இருக்கும், வாங்கி வாசிக்கிறேன், அவ்வளவுதான் என்பாள். பதினான்கு வருடம் அப்படி வாசித்தாள்.

ஒரே ஒரு தடவை சீட்டு வரவில்லை.

அது ஆறு வருடத்துக்கு முன்பு. அம்மா போன பிறகு வீட்டில் அவளும் தங்கையும் மட்டும். தங்கைக்குக் கடல் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. கர்த்தர் ஒரு வார்த்தை சொன்னால்தான் போவேன் என்று தங்கை சபையில் எழுந்து நின்றாள். பாஸ்டர் கையை உயர்த்தி வெகுநேரம் பாஷையில் பேசினார். மைக்கக்கா காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. எழுபது பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் தங்கை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மைக்கக்காவுக்குக் காலி வீடும் ஒற்றைத் தட்டும் கண்ணில் வந்து நின்றன. "நீ இருக்கிற இடத்திலேயே உன்னை ஆசீர்வதிப்பேன், புறப்பட்டுப் போகாதே" என்று மைக்கில் சொன்னாள். குரல் நடுங்கவே இல்லை, தொழில் பழக்கம்.

தங்கை வேலைக்கான தாள்களைக் கிழித்துப் போட்டாள். அதன் பிறகு ஒரு பொத்தான் கடையில் நாளெல்லாம் நின்றாள். மாலையில் கால் வீங்கிப்போகும். அக்காதான் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள்.

இந்த நிலையில்தான் பாஸ்டர் தபால் வழியாக இரண்டு வருட வேதாகமப் படிப்பை முடித்தார். முடித்த கையோடு நான்கு ஞாயிறு தொடர் பிரசங்கம். பாஷை, அர்த்தம் சொல்லுதல் போன்ற அற்புத வரங்கள் இயேசு அனுப்பிய அப்போஸ்தலர்களுக்குக் கொடுக்கப்பட்ட அத்தாட்சி. அவர்கள் சொன்னது தேவனுடைய செய்தி என்று ஜனங்கள் நம்புவதற்காக வந்தவை. வேதம் எழுதி முடிந்ததும் அவற்றின் வேலை முடிந்தது. புதிதாக வரும் அதிகாரி முதல் நாள் நியமனக் கடிதத்தைக் காட்டுவார். பதினைந்து வருடம் கழித்தும் தினமும் அதையே நீட்டிக்கொண்டிருந்தால் நமக்குச் சந்தேகம் வராதா என்று கேட்டார். ஜனங்கள் சிரித்தார்கள். போன மாதம் வரை பாஷை பேசியவர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள். நான்காம் ஞாயிறு இரண்டாவது மைக் பாடகர் குழுவுக்குப் போய்விட்டது. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கையேட்டோடு ஒரு படிவமும் வந்தது. கடந்த காலத்தில் சொல்லப்பட்ட அர்த்தங்கள் அனைத்தும் மனித உணர்ச்சியே என்று அவள் கையெழுத்திட வேண்டும். படிவத்தை எடுத்துக்கொண்டு பாஸ்டரின் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நாற்காலி போட்டார். அவர் கெட்டவர் அல்ல, அதுதான் சங்கடம்.

பாஷைகள் ஓய்ந்துபோகும் என்று வேதத்திலேயே இருக்கிறதே என்று மென்மையாகத் தொடங்கினார்.

"அறிவும் ஒழிஞ்சுபோகும்னு அதே இடத்துல இருக்கே பாஸ்டர். உங்க படிப்பு மட்டும் இன்னும் ஒழியலையே?"

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. பதினான்கு வருடமாக அவர் பேசியது என்ன என்று கேட்டாள்.

"பழக்கம் சிஸ்டர். வேற என்னன்னு சொல்றது? வாய்க்கு வந்தது. அப்ப நானும் நம்பித்தான் பேசினேன்."

"அப்போ நான் சொன்னது?"

"உங்க நல்ல மனசு. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. எல்லாருமே அறியாமதான் பண்ணினோம். யாரும் யார்கிட்டயும் கணக்குக் கேக்கப் போறதில்ல."

இந்த ஆறுதல்தான் அவளைக் கொன்றது. முந்நூறு சீட்டு வந்ததையும், ஒன்று வராததையும் அவள் ஒருத்திதான் பிரித்து அறிவாள். அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நிஜம் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் ஆறு வருடம் அந்த ஒன்றைச் சுமந்தாள். இவர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி, பொதுமன்னிப்பு வழங்கிவிட்டார். எந்த வாயிலிருந்து வந்ததற்கு அவள் அர்த்தம் சொன்னாளோ, அந்த வாயே தன்னிடம் ஒன்றும் இருந்ததில்லை என்கிறது. கட்டிய கணவன் பதினான்கு வருடம் கழித்து, உன்னோடு வாழ்ந்ததெல்லாம் ஒரு பழக்கம்தான் என்று அன்பாகச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

தங்கை வீட்டுக்கு வரும்வரை பொறுத்தால் மனம் மாறிவிடும் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். நேராகப் பொத்தான் கடைக்குப் போனாள். தங்கை ஒரு பெட்டியில் கலந்து கிடந்த பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். மைக்கக்கா முன்னுரை எதுவும் இல்லாமல் சொன்னாள்.

"நீ வெளிநாடு போறதைப் பத்திக் கேட்டியே, அன்னிக்கு எனக்கு எதுவும் வரல. நீ போயிடக் கூடாதுன்னு நானாத்தான் சொன்னேன்."

தங்கை பொத்தான்களைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

"எல்லாமே சும்மான்னுதான் பாஸ்டர் சொல்லிட்டாரே அக்கா. எல்லாரும் சேர்ந்து ஏமாந்தோம்னு நானும் மனசைத் தேத்திக்கிட்டேன். அதோட விடேன்."

"எல்லாமே சும்மா இல்லடி. மத்ததெல்லாம் வந்துச்சு. அது ஒண்ணுதான் வரல."

தங்கையின் விரல்கள் நின்றன.

"அப்போ ஊருக்கெல்லாம் கடவுள் பேசினாரு. எனக்கு மட்டும் நீ பேசினே."

மைக்கக்கா ஆமாம் என்றாள். தங்கை பெட்டியை எடுத்துக்கொண்டு கடையின் உள்பக்கம் போனாள், திரும்பி வரவில்லை. முதலாளி வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். மறுவாரம் தங்கை தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டு போனாள்.

படிவத்தில் அவள் கையெழுத்திடவில்லை. பதினான்கு வருடத்தில் முந்நூறு தடவைக்கு மேல் தனக்கு வந்ததை அப்படியே சொன்னாள். ஒரு தடவை வராததை வந்ததாகச் சொன்னாள். அந்த ஒன்றை, கேட்க வேண்டியவளிடம் நேரில் போய் ஒப்புக்கொண்டாள்.