ஏழு கோடிச் சொச்சத்தில் ஓர் எண்

அப்பாவின் ஸ்கூட்டரை மேடவாக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி இடித்த அன்று, அம்மா கோவளத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். சேலையூர் வீட்டில் நானும் அண்ணனும் மட்டும்தான். நான் ஆறாம் வகுப்பு, அவன் பிளஸ் டூ. போன் வந்ததும் என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

அப்பாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். அழ ஆரம்பித்த என்னை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, டாக்டர் கூப்பிட்டார் என்று அண்ணன் போனான். திரும்பி வந்தவன் ஒரு காகிதத்தில் 73939133 என்று எழுதி நீட்டினான்.

"இது எந்த நம்பரால மீதியில்லாம வகுபடும்னு கண்டுபிடி பாப்பா. அப்பா வெளிய வர்றதுக்குள்ள."

ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம். இவ்வளவு பெரிய எண் ஏதாவது ஒன்றுக்கு மசியாமலா போகும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றுக்குப் போகவில்லை. ஏழால் வகுத்தால் இரண்டு மிஞ்சியது, பதினொன்றால் நான்கு, பதிமூன்றால் எட்டு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அண்ணா, இது எதுலயும் போகமாட்டேங்குது."

"அப்ப கடைசி இலக்கத்தை அடிச்சிட்டு மறுபடி பாரு."

அடித்தேன். 7393913. அதுவும் அசையவில்லை. இன்னொன்றை அடித்தேன். வாலை நறுக்க நறுக்க அதே பிடிவாதம். 739, பிறகு 73, கடைசியில் வெறும் 7 நின்றது. அதற்குள் மதியமாகிவிட்டது. நர்ஸ் வந்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அப்பா கண் விழித்தால் பார்க்கலாம் என்றார்.

"அத்தனையும் ப்ரைம் நம்பர்தான்" என்றான் அண்ணன். "எங்க நறுக்கினாலும் ப்ரைம். இந்த மாதிரி நம்பர்ல இதுக்கு மேல பெருசு கிடையாது."

விடையே இல்லாத கணக்கைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று எனக்கு ஒரே கோபம். அம்மா வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அதைத்தான் புகார் சொன்னேன். அவள் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா இப்போதும் லேசாகச் சாய்ந்து நடப்பார். தினமும் கேம்ப் ரோடு வரை நடந்து போய்க் காய்கறி வாங்கி வருகிறார்.

டாக்டர் அன்று அண்ணனை எதற்குக் கூப்பிட்டார் என்பதை, நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். ரத்தம் நிறையப் போய்விட்டது, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, பெரியவர்களை உடனே வரச்சொல் என்றாராம். இவன் அம்மாவுக்குப் போன் போட்டு, "கால்லதான் அடி, பதறாம வாம்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். எனக்காவது மல்லுக்கட்ட ஓர் எண் இருந்தது. அம்மாவின் பஸ் வந்து சேரும்வரை அவன் அந்த பெஞ்சில், என் பக்கத்தில், சும்மா உட்கார்ந்திருந்தான்.