அப்பாவின் உளிகள் போன இடம்

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்த மறுநாள், தம்பி அவருடைய மரப்பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தான். லேசாக வந்துவிட்டது. அப்போதே அவன் முகம் மாறியது.

அப்பாவுக்கு மரவேலை. தென்காசியைச் சுற்றிலும், செங்கோட்டை தாண்டி மலையாளக்கரையிலும் அவர் செய்த நிலையும் கதவும் நிறைய உண்டு. உளி, மரம் அறுக்கும் வாள், இழைப்புளி என்று அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்ததெல்லாம் அந்தப் பெட்டியில்தான். தூக்க இரண்டு பேர் வேண்டும். இப்போது திறந்து பார்த்தால், சாமான்களைச் சுற்றிவைக்கும் துணிகள்தான் மடித்து அடுக்கியிருந்தன. அடியில் நாலைந்து உளியும் ஒரு சுத்தியலும் கிடந்தன.

"அக்கா, சாவி யார்ட்ட இருந்துச்சு?"

அவனுக்கே தெரியும். உடம்பு முடியாமல் போனதிலிருந்து அப்பா எங்கள் வீட்டில்தான் இருந்தார். சாவி என் கணவரின் சாவிக்கொத்தில் தொங்கியது. தம்பி போலீஸில் வெளியூரில் இருந்தான், லீவு கிடைத்தால் வருவான். என் கணவருக்கு ஐந்தருவி போகிற வழியில் சிப்ஸ் கடை. போன வருஷம் அருவியில் தண்ணீர் சரியாக விழவில்லை, சீசன் படுத்துவிட்டது. கடை ஓடாததும் ஊருக்கே தெரியும்.

இவர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி போய் எதிரே நின்றான்.

"அத்தான், பெட்டில இருந்த சாமான்லாம் எங்க?"

"மாமாவுக்குத் தெரியும்."

"செத்துப்போனவருக்குத் தெரியும்னா என்ன அர்த்தம்?"

இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று இவர் கடையிலிருந்து வந்ததும் தனியாகக் கேட்டேன். "நீங்க எடுத்தியளா?"

"இல்ல."

"பொறவு எங்க போச்சு?"

"மாமா எங்கிட்ட ஒரு வாக்கு வாங்கிட்டாவ. இதுக்குமேல கேக்காத."

நான் நம்பினேன். ஆனால் நம்பிக்கையைத் தம்பியிடம் எடுத்துக் காட்ட முடியுமா? மறுநாள் அவன் பழைய இரும்புக் கடைகளில் எல்லாம் போய் விசாரித்தான். மரக்கடையிலும் கேட்டிருக்கிறான். யாரும் உளி விற்க வந்தார்களா என்று அவன் கேட்டால், யாரை நினைத்துக் கேட்கிறான் என்று கடைக்காரர்களுக்குப் புரியாதா? எனக்கு வெளியே தலைகாட்டவே கூச்சமாக இருந்தது. சோறு இறங்கவில்லை. இவரோ வழக்கம்போலக் கடைக்குப் போனார், வந்தார். இரண்டு ஆண்களும் ஒரே வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

அப்படியிருக்கும்போது ஒரு காலையில் அச்சன்புதூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். உள்ளே வரத் தயங்கி வாசல் நடையிலேயே நின்றாள்.

"போலீஸ்காரவிய கடை கடையா விசாரிக்காவன்னு மரக்கடையில சொன்னாவ. எங்க வீட்டுக்காரரு பயந்துட்டாரு. நாங்க திருடலக்கா. உங்கப்பாதான் கொடுத்தாவ."

துண்டைப் பிரித்தாள். அப்பாவின் பெரிய இழைப்புளி. அவர் கை பட்டுப் பட்டு வழுவழுவென்று ஆன பிடி.

தம்பி உள்ளேயிருந்து வந்துவிட்டான். "எப்ப கொடுத்தாரு? யாரு கூட வந்தாரு?" என்று ஸ்டேஷனில் கேட்பதுபோலவே கேட்டான்.

அவள் சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் போட்டோவைக் காட்டினாள். "இவியதான் ஸ்கூட்டர்ல கூட்டிட்டு வந்தாவ."

புருஷனும் பெண்சாதியுமாக அவர்கள் கட்டிலும் பெஞ்சும் செய்கிறார்களாம். அப்பா அவர்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரையும் ஒரு பலகையை இழைக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். "அவரவிட எனக்குத்தான் இழைப்பு நல்லா வருதாம். இது எனக்கு, உளி அவருக்குன்னு பிரிச்சுக் கொடுத்தாவ. சாரல்ல துருப்பிடிச்சுக் கிடக்கதுக்கு வேலை செய்யுத கையில இருக்கட்டும்னாவ. வாளெல்லாம் செங்கோட்டையில ஒருத்தருக்குன்னு சொன்னாவ."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" தம்பியின் குரல் இறங்கியிருந்தது.

"மவன் ஞாபகத்துக்கு வச்சிக்கிடணும்பான், நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன், அதுவரைக்கும் வாயத் தொறக்காதிய மாப்ளன்னு இவியகிட்ட சொல்லிட்டே இருந்தாவ."

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நன்றாகப் பசித்தது. அவளையும் உட்காரவைத்து ஆளுக்கு நாலு தோசை சுட்டுச் சாப்பிட்டோம். தம்பி இழைப்புளியைத் திரும்பத் துண்டில் சுற்றி அவள் கையில் கொடுத்தான். "கொண்டு போங்கக்கா. யாரும் கேக்க மாட்டாங்க." சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனான்.

அங்கே நடந்ததை இவர்தான் பிறகு சொன்னார். சாரலில் நனைந்துகொண்டே எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் வந்து நின்றானாம். "ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா அத்தான்?"

"அவரே சொல்லுதேன்னாரு. சொல்லாமப் போயிட்டாரு. செத்த ஆள் மேல பழியப் போட்டுத் தப்பிக்கான்னு நீ நினைச்சா நான் என்ன செய்ய?"

அதற்குள் ஒரு வேன் நிறைய ஆட்கள் இறங்கிவிட்டார்கள். "சரி, நிக்காத. அந்தப் பாக்கெட்டை எடுத்துக் கட்டு," என்றிருக்கிறார் இவர். பொழுது சாய்கிறவரை தம்பி நேந்திரங்காய் சிப்ஸ் கட்டியிருக்கிறான். இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்கு வந்தபோது சட்டையெல்லாம் தேங்காயெண்ணெய் வாசம். இந்த வருஷக் கூட்டத்தைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டே வந்தார்கள். எவ்வளவோ நாள் கழித்து வீட்டில் ஒரு சத்தம் கேட்டதுபோல இருந்தது எனக்கு.

பெட்டியில் மிச்சமிருந்த உளிகளை என்ன செய்வது என்று தம்பியேதான் முடிவு செய்தான். லீவு முடிவதற்கு முந்தின நாள், அவற்றைத் துணியில் சுற்றி எடுத்து, இவரையும் கூட்டிக்கொண்டு, வாள்கள் போன செங்கோட்டைக்காரரைத் தேடிப் போனான். மத்தியானம் போன் வந்தது.

"அக்கா, நல்ல மனுஷன். அப்பா வாளை வச்சு ஒரு வாசல் நிலை அறுத்துட்டிருக்காரு. எங்கள விட மாட்டேங்காரு, மத்தியானச் சாப்பாடு இங்கனதானாம், ஊணு கழிக்கணும்னு மலையாளத்துல சொல்லிட்டு நிக்காரு. எங்களுக்கு உலை வைக்காத."