வெள்ளிக்கிழமை வலிக்காத வயிறு

ஒன்பது வயதில் எனக்கு ஒரு வயிற்று வலி வந்தது. பள்ளிக்கூடத்து மணி சில நாள் தாமதமாக அடிக்கும். வலி ஒருநாளும் தாமதித்ததில்லை.

காரணம் எங்கள் கணக்கு வாத்தியார். எங்கள் ஊர் மேல்விஷாரத்தில் பாதி வீடு தோல் பதனிடும் ஷாப்பை நம்பித்தான். என் நைனாவும் ஒரு ஷாப்பில் பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவர். வாத்தியாருக்கு அந்த வழக்கம் பிடித்துப்போய்விட்டது. பையன்களையும் முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பெஞ்சு பெஞ்சாகப் பிரித்தார். சுவரோரம் தரையில் ஒருவன் மட்டும் ‘ரிஜெக்ட்’. அது நான்தான். பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுமாறினேன், வேறு பாவம் செய்யவில்லை.

ஒருநாள் ஏதோ விளக்கம் சொல்லப் போனேன். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காததுக்கு வாயத் தொறந்தா தோல உரிச்சி ஷாப்புக்கு அனுப்பிடுவேன்” என்றார். வேறு ஊர்ப் பிள்ளைகள் இதற்குச் சிரிக்கலாம். எங்கள் ஊரில் தோல் எங்கே போகும், என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்றோடு வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா ஓமம் கொடுத்தாள், விளக்கெண்ணெய் கொடுத்தாள், கடைசியில் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமை வலி வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. “வெள்ளிக்கெழமயானா ஆத்தா வந்து என் புள்ள வயித்துல கை வெக்கிறா” என்று தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தாள். முஸ்லிம்கள் நிறைந்த எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் ஷாப்புக்கும் வெள்ளிக்கிழமைதான் லீவு, ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். அது அவளுக்குத் தெரியாதா என்ன? பக்தி வந்துவிட்டால் வேறொன்றும் கண்ணில் படாது.

மற்ற ஆறு நாளும் நான் சுருண்டு கிடப்பதைப் பார்த்து நைனா என்னை வேலூருக்கு, ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் தெற்கத்திக்காரர், புதிதாக வந்தவர். கெட்டிக்காரர்தான். நைனாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்.

“ஞாயித்துக்கிழமையும் வலிக்குமா?”

“வலிக்கும் சார்.”

“அப்ப இது பள்ளிக்கூடத்து வலி இல்ல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெளியே வந்து நைனாவிடம், “நிஜ வலிதான். கீறித்தான் பார்க்கணும்” என்றார். நைனா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

அம்மா ஆத்தாவை நம்பி வெள்ளிக்கிழமையைக் குறித்தாள். அன்று நான் ஏழு இட்லி கேட்டேன். வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று ஒன்றுகூடத் தரவில்லை. வண்டியில் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். டாக்டர் வயிற்றை அமுக்கினார்.

“எங்கடா வலி?”

“இன்னிக்கி வலிக்காது சார்.”

“ஆத்தா!” என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஏன் வலிக்காது?”

“இன்னிக்கி லீவு.”

டாக்டர் நைனாவைப் பார்த்தார். “வெள்ளிக்கிழமை லீவா?”

“எங்க ஊர்ல அப்பிடித்தான் சார்.”

“அடப்பாவி, இதை ஏண்டா அன்னைக்கே சொல்லல?”

“நீங்க கேக்கல.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். “கத்தி வைக்கிறோம்னு தெரிஞ்சுமா பாடிக்கிட்டு வந்தே? பயமா இல்ல?”

“இல்ல சார். கீறினா ஒரு மாசம் பள்ளிக்கூடம் போவ வேணாம்.”

நைனா என் தலையில் கை வைத்தார். அதன்பிறகு ரிஜெக்ட் கதையெல்லாம் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன்.

மறுநாள் நைனா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வாத்தியார் முன்னால் கைகட்டித்தான் நின்றார். “சார், நான் பதினஞ்சு வருசமா தோல் தரம் பிரிக்கிறவன். ஒரு தோல ரிஜெக்ட்ல போடணும்னா ரெண்டு பக்கமும் தடவிப் பாப்பேன். வெளிச்சத்துல புடிச்சிப் பாப்பேன். அது செத்த தோல் சார். இது உசுரோட கீது.”

அன்று மத்தியானம் வாத்தியார் என்னை மூன்றாம் தரத்து பெஞ்சில் உட்காரச் சொன்னார். ஒரு வாரம் கழித்து, வகுப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க, “வயிறு எப்பிடி இருக்கு?” என்றார்.

கேட்டதற்குப் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும். “அது உங்க கையில கீது சார்” என்றேன்.

அவர் கையில் அப்போது பிரம்பு இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பிரம்பை மேசைக்கு அடியில் போட்டார். அன்று சனிக்கிழமை, எனக்கு வலிக்கவில்லை.