சீனப் பிள்ளைகளின் வினாத்தாளும் டப்ளின் அம்மாக்களும்

சீனாவில் ஏழாவது எட்டாவது படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கில வாசிப்புப் பயிற்சி எழுதிக் கொடுப்பதுதான் சில வருஷங்களாக என் பிழைப்பு. அந்தப் பிள்ளைகளில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. கலிஃபோர்னியாவில் டப்ளின் என்ற ஊரில், என் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒரு பக்க அளவில் சின்னச் சின்னக் கதைகள் எழுதுவேன். மில்பிடாஸில் இருக்கும் அலுவலகம் ஒவ்வொரு கதைக்கும் கீழே ஐந்து கேள்விகளைப் போட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் ஏ, பி, சி, டி என்று நான்கு விடைகளைத் தொங்கவிட்டு, புத்தகமாக்கிக் கடல் தாண்டி அனுப்பிவிடும். நாகர்கோவிலில் பெண்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தியவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. வேலை செய்ய அனுமதியில்லாத டிபென்டன்ட் விசாவில் வந்து பல வருஷம் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவளுக்கு இதுவும் வேலைதான்.

அந்தக் கதைகளின் லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். அவற்றில் யாரும் சாகக் கூடாது. விவாகரத்து கூடாது, சாமி கூடாது, அரசியல் கூடாது. அப்பா அம்மா தப்பே செய்யக் கூடாது. ஒரு பையன் குடையைத் தொலைத்தால் கடைசி வரிக்குள் அது கிடைத்துவிட வேண்டும்; கிடைத்த கையோடு அவன் நேர்மையின் மதிப்பை உணர்ந்துவிட வேண்டும். ரத்தமும் சதையுமான ஒரு மனுஷப் பிறவி அந்தப் பக்கங்களில் கால் வைத்ததில்லை. சீனப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அது அந்நிய மொழி, தலைக்கு மேல் பரீட்சை, பயிற்சி வேண்டியிருக்கிறது. என் வயிற்றெரிச்சல் எல்லாம் எங்கள் தெருவில் இருக்கிற அம்மாக்களைப் பற்றித்தான்.

பக்கத்து வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டம்மா சென்னைக்காரி, சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் வேலை. என்னைவிட நல்ல இளையவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் சாயங்காலம் என் தொட்டியில் கறிவேப்பிலை பறிக்க வந்தவள், மேஜையில் கிடந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டாள். பறித்த கறிவேப்பிலையைக் கீழே வைத்தாள்.

“என்னக்கா இது? சைனீஸ் மிடில் ஸ்கூல் ஸ்டூடன்ட்ஸுக்குன்னு போட்டிருக்கு?”

“அதாம்மா என் வேலை. அங்க இங்கிலீஷ் படிக்கிற பசங்களுக்கு.”

அவள் போனை எடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். “இதத்தான்க்கா நாங்க இவ்ளோ நாளா தேடிட்டு இருந்தோம். அவங்க பசங்க மட்டும் எப்படி எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட் வர்றாங்க? வீட்ல வச்சு என்ன பண்றாங்கன்னே தெரியலையேன்னு.”

இது எங்கள் ஊரின் பெரிய வியாதி. பள்ளியில் கணக்குப் போட்டி முடிவு வந்தால் முதலில் சொந்தப் பிள்ளையின் பெயரைத் தேட மாட்டார்கள். மேலே எத்தனை சீனப் பெயர் என்று பார்ப்பார்கள். அந்த வீடுகளில் ஏதோ ரகசிய லேகியம் ஊட்டுகிறார்கள், நமக்குத்தான் யாரும் சொல்வதில்லை என்று ஒரு நம்பிக்கை. அந்த லேகியம் என் சமையலறை மேஜையில் கிடைத்துவிட்டதாக அன்று அவள் முடிவு கட்டினாள்.

“ஏம்மா, உன் பொண்ணு இங்கயே பொறந்தவ. நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து அவ இங்கிலீஷ் பேசுவா. இது இங்கிலீஷ் தெரியாத பசங்களுக்கு எழுதினது” என்றேன்.

“அதுனால என்னக்கா? பேஸ் ஸ்ட்ராங் ஆகும்ல?”

அலுவலகத்தில் என் மேலதிகாரி ஒரு சீனப் பெண்மணி. நான் நடந்ததைச் சொன்னதும் போனில் சிரித்து ஓய அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. தன் பையன் இந்தப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை, இங்கே பிறந்த பிள்ளைக்கு இது எதற்கு, அவன் லைப்ரரியில் எதையாவது எடுத்துப் படிக்கிறான் என்றார். ஆஹா, இதுவல்லவா சாட்சி என்று ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “அவங்க சீக்ரெட்ட வெளிய சொல்வாங்களா அக்கா? நீங்க ரொம்ப இன்னசன்ட்.”

அடுத்த சனிக்கிழமையே அவள் வீட்டில் வகுப்பு தொடங்கிவிட்டது. தெருவில் உள்ள தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கையில் பென்சில், நடுவில் போனில் டைமர். டெஸ்டிங்காரி அல்லவா, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு புத்தகக் கடைசியிலிருந்த விடைக்குறிப்பை வைத்துத் திருத்தினாள். அங்கேதான் வேடிக்கை. ஆங்கிலத்திலேயே கனவு காணும் இந்தப் பிள்ளைகள் எல்லாரும் தப்புத் தப்பாக எழுதியிருந்தார்கள்.

எழுதாமல் என்ன செய்யும்? குடையைத் தொலைத்த பையனுக்கு அதைக் கண்டெடுத்து வீடு தேடி வந்து கொடுத்த கிழவரிடம் என்ன உணர்வு என்று கேள்வி. நன்றி என்பது விடை. நம் பிள்ளைகளில் ஒன்று ‘சந்தேகம்’ என்று போட்டிருந்தது. முன்பின் தெரியாத ஆள் வீட்டு வாசல் வரை வந்து நின்றால் இந்த ஊர்ப் பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்? ஆனால் அன்று அம்மாக்களின் வாட்ஸாப் குழுவில் ஒப்பாரி. அங்கே இருக்கும் சீனப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு செய்வதை இங்கே பிறந்த நம் பிள்ளைகளால் செய்ய முடியவில்லையே, எல்லாரும் எங்கே போய் நிற்கப்போகிறார்களோ என்று புலம்பித் தீர்த்தார்கள்.

எல்லாரிலும் குறைந்த மதிப்பெண் பக்கத்து வீட்டுக்காரியின் மகளுக்குத்தான். பதிமூன்று வயது. எங்கள் தெருவில் உண்மையிலேயே புத்தகம் படிக்கும் ஒரே பிள்ளை அவள்தான். நடந்துகொண்டே படிப்பாள், தம்பியின் நீச்சல் வகுப்பு முடியும் வரை பெஞ்சில் காலை மடக்கிக்கொண்டு படிப்பாள், காரிலிருந்து இறங்கச் சொன்னால் இறங்கி, கார் பக்கத்திலேயே நின்று படிப்பாள். தமிழ் எல்லாம் புரியும், ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். லைப்ரரியிலிருந்து முதுகுப்பை நிறைய எடுத்து வருவாள். அவளுக்கு உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான், அதைத்தான் அம்மா பிடுங்கினாள்.

“கதை புக்கா படிச்சுப் படிச்சு இமாஜினேஷன் ஜாஸ்தி ஆயிடுச்சுக்கா. இருக்கறத படிக்க மாட்டேங்கறா, இல்லாதத படிக்கறா. ஃபுல் மார்க் வாங்கற வரைக்கும் லைப்ரரி கட்.”

லைப்ரரி கார்டு அம்மாவின் கைப்பைக்குள் போய்விட்டது. வீட்டில் இருந்த புத்தகங்களும் திரும்பிப் போயின. நான் எழுதிய குப்பையால் ஒரு பிள்ளையின் வாசிப்பு நிற்கிறது என்று கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சில வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். மகள் ஒரு கேள்வியில் பிடிவாதம் பிடிக்கிறாள், அக்கா வந்து சொன்னால் கேட்பாள் என்றாள். போனேன். மேஜையில் விரித்து வைத்திருந்த பக்கத்தைப் பார்த்தேன். அது என் அப்பாவைப் பற்றி நான் எழுதியது.

ஒரு தடவை எழுத எதுவும் தோன்றாமல், நான் அமெரிக்காவுக்குக் கிளம்பிய நாளை எழுதி அனுப்பியிருந்தேன். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட் வரை அப்பாதான் கார் ஓட்டினார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. ஏர்போர்ட்டில் பெட்டியை இறக்கி வைத்தார். அழுக்கே இல்லாத முன்கண்ணாடியைத் துணியால் துடைத்தார். நான் உள்ளே போவதற்குள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவ்வளவுதான் நான் எழுதியது. அப்பாவின் உணர்வு என்ன என்பது ஐந்தாவது கேள்வி. இந்தக் கதைக்கு மட்டும் விடையை நானே குறித்து அனுப்பியிருந்தேன், அவர் கோபமாக இருந்தார் என்று. அப்பாக்கள் மகள்மேல் கோபப்படுவது எங்கள் புத்தகத்தில் கிடையாது என்று அலுவலகத்தில் அதை மாற்றினார்கள். ஏ, களைப்பு. பி, கோபம். சி, பெருமிதம். டி, காரைப் பற்றிய கவலை. சரியான விடை சி.

அந்தப் பெண் பி-யைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். ரப்பரால் அழித்துவிட்டு மறுபடியும் அதே இடத்தில் வட்டம் போட்ட தடம் தெரிந்தது.

“ஹி இஸ் மேட் அட் ஹர், ஆன்ட்டி” என்றாள், அவருக்கு அவள்மேல் கோபம் என்று. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. சுத்தமான கண்ணாடியை யாராவது துடைப்பார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். “அவ சொல்றதுதான்மா சரி. இது நான் எழுதினது. அந்த ஆளு எங்கப்பா. அன்னைக்கு அவருக்குக் கோபம்.”

பக்கத்து வீட்டுக்காரி என்னை மதிக்கிறவள்தான், அதனால் மெதுவாகத்தான் சொன்னாள்.

“சரிக்கா, உங்க அப்பாதான். ஆனா ஆன்சர் கீல சி-ன்னு போட்டிருக்கே?”

அப்பாவைப் பெற்ற ஆச்சியே எழுந்து வந்து சொன்னாலும் அந்த வீட்டில் செல்லாது. கல்லூரியில் வாய் கிழியப் பாடம் நடத்தியவள், ஒரு பென்சில் வட்டத்தைக் காப்பாற்ற முடியாமல் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் அந்தப் பிள்ளை குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளிக்கொண்டு வந்தபோது நிறுத்தினேன். “இங்க பாரு. நீ கதையையே படிக்காத. நாலு ஆன்சரையும் பாரு. எது வாழ்த்து அட்டையில போடற மாதிரி இருக்கோ அதுல வட்டம் போடு. உனக்கு உன் லைப்ரரி வேணும்ல?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஓகே என்றாள்.

அந்தச் சனிக்கிழமை ஐந்துக்கு ஐந்து. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. பக்கத்து வீட்டுக்காரி மதிப்பெண்ணைப் படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டாள். கைதட்டும் பொம்மைகள் வந்து விழுந்தன. எனக்கு மைசூர்பாகு கொண்டுவந்தாள்.

“அப்ப கார்டக் குடுத்துட்டியாம்மா?” என்றேன்.

“எந்தக் கார்டு? ஓ, லைப்ரரியா? அதான் கதை புக் இல்லாமலே ஃபுல் மார்க் வாங்கறாளே அக்கா. இனிமே லைப்ரரி எதுக்கு?”

மைசூர்பாகை அவள் தலையில் கவிழ்க்காமல் இருந்தது என் வளர்ப்பின் பெருமை. மதிப்பெண் குறைந்தால் புத்தகம் கெடுத்துவிட்டது, கூடினால் புத்தகம் தேவையில்லை. இந்தத் தலைக்குள் நியாயத்தைக் கொண்டுபோக எனக்குத் தெரியாது. ஆனால் அதே தலைக்குள் வேறு ஒன்று சுலபமாக நுழையும் என்று எனக்குத் தெரியும்.

“இது பேசிக்தானேம்மா” என்றேன், குரலைத் தாழ்த்தி. “அட்வான்ஸ்டு லெவல்னு ஒண்ணு இருக்கு. புக்கா விக்கறதில்ல. வேணும்னா சனிக்கிழமை மத்தியானம் அவள என் வீட்டுக்கு அனுப்பு. குரூப்ல மட்டும் போட்டுடாத.”

அவள் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தை என்னவென்று சொல்வது. “எனக்குத் தெரியும்க்கா! ஏதோ இருக்குன்னு எனக்குத் தெரியும்!”

சனிக்கிழமைகளில் அந்தப் பெண் என் வீட்டுக்கு வருகிறாள். என் கார்டில் எடுத்து வைத்த புத்தகங்களில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு சோபாவில் சரிந்தால், அம்மா வந்து மணி அடிக்கும் வரை எழுந்திருப்பதில்லை. நான் மேஜையில் குடை தொலைத்த பையன்களை எழுதிக்கொண்டிருப்பேன். பேசிக்கொள்ள மாட்டோம்.

போன சனிக்கிழமை அவள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள். “உங்க அப்பா, ஆன்ட்டி. நீங்க போறீங்கன்னு கோபமா, இல்ல, நீங்க சந்தோஷமா போறீங்கன்னா?”

நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அன்று அந்தக் காரில், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வழியெல்லாம் மெதுவாகப் பாடிக்கொண்டு வந்தேன். அதை நான் கதையில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அப்பா இறந்து இத்தனை வருஷமாகியும் அவருடைய கோபத்தை ஒரு குணமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அதற்கு ஒரு காரணம் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தது என்று நினைத்ததே இல்லை. அவர் முகம் கண்முன் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் எழுந்து வந்து டிஷ்யூ டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். அதற்குள் வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரி செருப்பைக்கூடக் கழற்றாமல் தலையை நீட்டினாள்.

“எப்படிக்கா பண்றா? இன்னைக்கு எவ்ளோ கரெக்ட்?”

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“எல்லாமே கரெக்ட்மா” என்றேன்.