தேடிப் போக வந்த பதினொரு பேர்

அவனுடைய ஊரை நான் பார்த்ததில்லை. ஆனால் பஞ்சாபில் இருக்கிற அந்தச் சின்ன ஊர் முழுக்க என் காதுக்குள் இருக்கிறது. மெல்பேர்னில் அவனும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம்; வேலையும் ஒரே கிடங்கில். அவன் தகப்பனோடு போனில் கதைக்கும்போதெல்லாம் பின்னால் சீக்கியர் கோயிலான குருத்வாராவின் ஒலிபெருக்கி கத்தும். யாருடைய எருமை தொலைந்தது, எந்தத் தெருவுக்குக் காய்கறி வண்டி வந்தது, யார் செத்தது, எல்லாம் அதில்தான். "உங்கட ஊரில ரகசியம் எண்டு ஒண்டுமே இல்லையோடா?" என்று நக்கலடிப்பேன். நாங்கள் கதைத்தது உடைந்த இங்கிலீஷ். எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

ஒரு தை மாதம். இங்கே வெயில் மண்டையைப் பிளந்தது. அங்கே நீட்டிய கை தெரியாத பனிமூட்டம். மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அவனுடைய பெரியம்மா போன் எடுத்தார். விடிய எழும்பிப் பார்த்தால் தகப்பனின் கட்டில் வெறுமையாம். மறதி வந்த மனுஷன், கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் இறங்கிவிட்டார். பின்னால் ஒலிபெருக்கி கத்தியது. அதைக் கேட்ட அவனுடைய முகம் செத்துப் போனது.

"மோட்டார் சைக்கிள் வச்சிருக்கிற பொடியள் எல்லாரையும் தேட வரட்டாம்."

"பிறகென்ன, வருவாங்கள்தானே?"

"ஆர் வாறது? பொடியள் எல்லாரும் இஞ்சையெல்லோ இருக்கிறாங்கள்!"

விளங்கியபோது சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

அரை மணித்தியாலத்தில் அந்த ஊர்ப் பொடியள் பதினொரு பேர் எங்கள் வீட்டில் வந்து குவிந்தார்கள். லொறி ஓட்டுகிறவன், பெயின்ட் அடிக்கிறவன், எல்லாரும் வேலைச் சப்பாத்தோடு. கதிரை போதாமல் நிலத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவன் பீட்சாப் பெட்டி மட்டையில் ஊரின் வீதிகளைக் கீறினான். கால்வாய்க் கரை உனக்கு, கரும்பு ஆலை றோட்டு உனக்கு, பஸ் நிலையம் எனக்கு என்று பிரித்தான். பிரித்து என்ன செய்ய? ஒவ்வொருவனும் தன் தாய்க்குப் போன் எடுத்தான். முழங்கால் வருத்தக்காரத் தாய்மார் தடியை ஊன்றிக்கொண்டு பனிக்குள் இறங்கினார்கள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. யாரில் என்றுதான் தெரியவில்லை. நான் இந்த நாட்டுக்கு அகதியாகப் படகில் வந்தவன். கடலில்கூட இப்படிக் கையைப் பிசைந்துகொண்டு இருந்ததில்லை. அங்கே வாளியால் தண்ணீரையாவது இறைத்தோம்.

"டேய், வெளிக்கிடு! பிளேனில ஏறு!" என்று அவனைப் பார்த்துக் கத்தினேன்.

"விசா கேஸ் நடக்குது அண்ணை, போனால் திரும்பி வர ஏலாது. அது போகட்டும். இப்ப ஏறினாலும் நாளைக்குத்தான் போய்ச் சேருவன். அப்பா இப்பவெல்லோ குளிரில நிக்கிறார்."

இரண்டு மணித்தியாலம் கழித்துப் பெரியம்மா திரும்ப எடுத்தார். எல்லாரும் கேட்க ஸ்பீக்கரில் போட்டான். அவர் அழுதழுது சொல்ல, அவன் எனக்கு விளங்கப்படுத்தினான். தகப்பன் கடுகு வயல் வரம்போரம் கிடக்கிறாராம். மூச்சு இருக்கிறதாம். பெரியம்மாவும் பக்கத்து வீட்டுக் கிழவியும் இழுத்துப் பார்த்தார்களாம், அசைக்கவே முடியவில்லையாம்.

"நாலு பேரை அனுப்படா மகனே, தூக்க வேணும். கெதியா அனுப்பு."

பதினொரு பேரும் எழும்பி நின்றார்கள்.

ஒருவன் பக்கத்து ஊருக்குப் போன் எடுத்துப் பிடித்த டிராக்டர் வரம்புக்கு வந்து சேர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அதுவரை ஒருவனும் உட்காரவில்லை. பெரியம்மா "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போனில் டிராக்டர் சத்தம் கேட்கத் தொடங்கியபோது அவர் அதைச் சொல்வதை நிறுத்தியிருந்தார்.