இரும்புச் சில்லு

இணுவிலில் மோட்டார் சைக்கிள் திருத்தும் சுதாகரனுக்கு விமானப் பைத்தியம். மெல்லிய பலகையில் இறக்கை சீவி, மூக்கில் பெற்றோல் எஞ்சினும் விசிறியும் பூட்டி அவர் செய்த, ரிமோட்டில் ஓடும் சின்ன விமானம் ஞாயிறு பின்னேரங்களில் தரவை வெளியில் பறக்கும். எஞ்சின் சூடேறும்வரை அது பாய்ந்துவிடாமல் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்பது மனைவி சுவர்ணாவின் வேலை. சுவர்ணா தையல்காரி. ஊரில் பாதிப் பெண்களின் சட்டை அவள் கையால் தைத்ததுதான்.

போன மாசியில் கனடாவிலிருந்து சுதாகரனின் தம்பி ஒரு குட்டி ஜெற் எஞ்சின் அனுப்பினான். மண்ணெண்ணெயில் ஓடுவது. அன்றோடு மனுசனுக்கு நித்திரை கெட்டது. உலகப்போர் முடிந்த கையோடு ரஷ்யர்கள் செய்த வேலையை இணையத்தில் தேடித் தேடிப் படித்தார். ஜெர்மன்காரரின் ஜெற் எஞ்சினைத் தங்களிடமிருந்த விசிறி விமானத்தின் மூக்கில் பூட்டியிருக்கிறார்கள். உடம்பு பழசு, எஞ்சின் புதுசு. வயிற்றுக்குக் கீழால் வந்த நெருப்பு வாலை நக்க, பின் சில்லின் ரயர் கருகியது. பிறகு ரயரே இல்லாத இரும்புச் சில்லு போட்டார்களாம்.

"அவங்கள் பட்டுத் தெளிஞ்சதை நாங்கள் படாமலே தெளிஞ்சிட்டம்," என்றார் சுவர்ணாவிடம்.

தன் பழைய விமானத்தில் ஜெற்றைப் பூட்டி, வயிற்றுக்குத் தகரம் அடித்து, பின்னுக்கு இரும்பில் ஒரு சில்லு கடைந்து போட்டார். அந்தச் சில்லில் வைத்த கவனத்தை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

மோட்டார் சைக்கிள் திருத்தும் கராச்சில் எஞ்சினைத் தனியே ஓடவிட்ட அன்று சுவர்ணா தையல் மெசினை விட்டு ஓடிவந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"இஞ்சேருங்கோ, உந்தச் சத்தம் வேண்டாம். பங்கருக்குள்ளை ஓடின காலம் ஞாபகம் வருது."

"இது குண்டு போடாது. பயப்பிடாதையும்."

ஞாயிறு பின்னேரம் தரவையில் காற்று எழும்பியிருந்தது. மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. சனம் ஒருவரும் இல்லை.

"வழமைபோலை வாலைப் பிடியும். நான் சொல்லுமட்டும் விடக் கூடாது."

எஞ்சின் பற்றவில்லை. திரும்பவும் முயன்றார், பற்றவில்லை. அப்போது யாழ்ப்பாணத்தில் அவருடைய வயதுக்காரர் எவரும் செய்யக்கூடியதை அவரும் செய்தார். போர் நாளில் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களுக்கு முதலில் கொஞ்சம் பெற்றோல் காட்டித்தான் உயிர் கொடுப்பார்கள். கைக்குப் பழகிய வேலை. ஊசிக் குழாயில் பெற்றோல் எடுத்து எஞ்சினின் வாய்க்குள் அடித்தார்.

எஞ்சின் வீரிட்டது. வயிற்றின் கீழிருந்து நெருப்பு நீண்டு வால்வரைக்கும் போனது. விசிறி முன்னால் சுற்றிய காலத்தில் வால்தான் ஆபத்தில்லாத இடம். இப்போது நெருப்பு வந்து சேரும் இடமே அது. எல்லாவற்றையும் மாற்றிய மனுசன் சுவர்ணா நிற்கும் இடத்தை மட்டும் மாற்றவில்லை.

அவர் எஞ்சினை நிறுத்தும்போதும் அவளுடைய கைகள் வாலில்தான் இருந்தன. இரும்புச் சில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் இரண்டு கையையும் முழங்கைவரை சுற்றிக் கட்டினார்கள். விரல்கள் இனி ஊசி பிடிக்குமோ என்பதை இப்போது சொல்ல முடியாதென்றார் டொக்டர். சுதாகரன் கட்டிலோரம் இருந்து அழுதார்.

"சத்தம் கேட்டவுடனை ஓடியிருக்கலாமே. அந்த நாளையிலை ஓடினனீர்தானே?"

சுவர்ணா கட்டுப்போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடத்தான் கால் உன்னினது," என்றாள். "நீங்கள் விடச் சொல்லேல்லையே."